வாடகை வீட்டில் சிசிடிவி, ஸ்மார்ட் லாக் வைக்கலாமா? சுவரில் ஓட்டை போடாமல், அட்வான்ஸ் கரையாமல் செய்வது எப்படி? முழு விவரம்

கணவருக்கு நைட் ஷிஃப்ட். மனைவிக்கு காலை ஷிஃப்ட். பிள்ளைகள் பள்ளியில். பகலில் பாதி நேரம் வீடு பூட்டியே கிடக்கும். இரவில் பெண்களும் பெரியவர்களும் மட்டும் தனியாக இருப்பார்கள். கடம்பத்தூர், திருவள்ளூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் பல குடும்பங்களின் நிலை இதுதான்.

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் கடம்பத்தூரைச் சுற்றி தொழிற்சாலைகள் அதிகம். காக்களூர் தொழிற்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கம்பெனிகளுக்கும், ரயில் பிடித்து சென்னைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். 'வீட்டுக்கு ஒரு கேமரா போட்டா என்ன?' என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. அடுத்த நொடியே வரும் கேள்வி: 'ஓனர் ஒத்துக்குவாரா? சுவத்துல ஓட்டை போட்டா அட்வான்ஸ்ல புடிச்சுக்குவாரே?'

சொந்த வீட்டில் வைப்பதற்கும் வாடகை வீட்டில் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சுவர் ஓனருடையது. படிக்கட்டு எல்லோருக்கும் பொது. எதிர் வீட்டுக் கதவு அவர்களுடையது. உங்களுடையது என்று சொல்லக்கூடியது நீங்கள் குடியிருக்கும் பகுதியும், அதற்குள் நீங்கள் வாங்கி வைக்கும் பொருட்களும்தான். அதனால் விதி இதுதான்: கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதை மட்டும் வாங்குங்கள். அதன் பாஸ்வேர்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இதை எப்படிச் செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, எதில் முதலில் பணம் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓனரிடம் கேட்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் வாடகைக்கு விடுவோர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

நமக்குத் தேவையான விஷயங்கள் இவை:

* ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கட்டடத்தின் அமைப்பை மாற்றக் கூடாது, நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது.
* ஓனர் வீட்டுக்குள் வந்து பார்க்கவோ பழுது பார்க்கவோ விரும்பினால், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகத் தகவல் தர வேண்டும். தன்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்பதற்காக நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வர முடியாது.
* வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்யும்போது உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

டேபிள் மேல் வைக்கும் கேமரா, பல்பு, பிளக், டேப் வைத்து ஒட்டும் சென்சார் ஆகியவை கட்டடத்தை மாற்றும் விஷயங்கள் அல்ல. ஃபேன், டிவி மாதிரி அவை உங்கள் வீட்டுச் சாமான்கள்தான். ஆனால் கதவுப் பூட்டை மாற்றுவது, வெளிச்சுவரில் கேமரா மாட்டுவது, ஸ்விட்ச் போர்டைத் திறப்பது ஆகிய மூன்றுக்கும் ஓனரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வாய்வார்த்தையாக மட்டும் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

'சார், நான் நைட் ஷிஃப்ட் போறதால வீட்டு வாசலுக்கு ஒரு சின்ன கேமரா வைக்கலாம்னு இருக்கேன். எங்க கதவு முன்னாடி மட்டும்தான் தெரியும். ட்ரில் போட மாட்டேன், ஒட்டுற மாதிரிதான். மெயின் கதவு பூட்டை மாத்திக்கிறேன், பழைய பூட்டை எடுத்து வச்சிருக்கேன். காலி பண்ணும்போது பழையபடி மாட்டிக் குடுத்துடுறேன். உங்களுக்கு சரியா?'

'சரி' என்று ஒரு வார்த்தை பதில் வந்தாலும் போதும், பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும். குடிவரும் அன்றைக்கே சுவர், கதவு, ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். 'இந்த ஓட்டை நீங்க போட்டதுதானே' என்ற பேச்சு வராது.

முதல் செலவு கேமராவுக்கு அல்ல, பூட்டுக்கு

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 3,000 ரூபாய்க்கு கேமரா வாங்கி மாட்டிவிட்டு, கதவுக்கு முந்தைய வாடகைதாரர் பயன்படுத்திய அதே பூட்டைப் போடுகிறார்கள். அந்தப் பூட்டின் சாவி இதற்கு முன் குடியிருந்தவரிடம் ஒன்று, அவர் தம்பியிடம் ஒன்று, ஓனரிடம் ஒன்று என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கேமரா திருடன் வந்ததைக் காட்டும். பூட்டுதான் அவனை வெளியே நிறுத்தும்.

* வெளியே இரும்பு கிரில் கேட் இருந்தால் அதற்கு நல்ல தொங்கு பூட்டு ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை.
* மரக் கதவில் பதித்த பூட்டு என்றால், பல மாடல்களில் சாவி நுழையும் உருளைப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற முடியும். பூட்டுக்காரர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். கதவில் புதிய ஓட்டை விழாது.
* தாழ்ப்பாள் ஆடுகிறதா, ஜன்னல் கம்பி உறுதியாக இருக்கிறதா, பின்கதவும் மொட்டை மாடிக் கதவும் சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். இந்தப் பழுதுகளை ஓனரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

ஸ்மார்ட் லாக் வேண்டுமா? விரல் ரேகை, பின் நம்பர் வைத்துத் திறக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதவில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். வாடகை வீட்டுக்கு அது சரிவராது. அதற்குப் பதில் விரல் ரேகையில் திறக்கும் தொங்கு பூட்டு இருக்கிறது. ஷிஃப்ட் மாறி மாறி வருகிற வீட்டில் நாலு சாவி போடும் வேலை மிச்சம்.

எந்த ஸ்மார்ட் லாக் வாங்கினாலும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சாவியாலும் திறக்க முடியுமா? பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து அவசரத்துக்கு சார்ஜ் கொடுக்க வழி இருக்கிறதா? கதவில் பொருத்தும் பூட்டு என்றால், உள்ளே இருக்கும் பெரியவர் செல்போனோ நம்பரோ இல்லாமல் கையால் திருகித் திறக்க முடியுமா? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். தீ விபத்து நேரத்தில் ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேமரா எங்கே வைக்கலாம்? எங்கே கூடாது?

உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கும் கேமராவுக்குத் தடை எதுவும் இல்லை. சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வீடுகளும் கடைகளும் சிசிடிவி வைக்க வேண்டும் என்று போலீஸே பிரசாரம் செய்தது. பிரச்னை கேமரா வைப்பதில் இல்லை, அது எதைப் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வீட்டு கேமரா பற்றி நீதிமன்றங்கள் பேசியதைப் பாருங்கள்.

2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்துக்கு பக்கத்து வீட்டு சிசிடிவி பற்றிய வழக்கு ஒன்று வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை உளவு பார்க்க அனுமதிக்க முடியாது என்று அப்போது நீதிமன்றம் கூறியது.

2025 பிப்ரவரியில் கொல்கத்தா உயர் நீதிமன்றம், சகோதரர்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டின் வசிக்கும் பகுதியில் ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் கேமரா வைத்து இயக்கியது தவறு என்றது. இதை எதிர்த்த மனுவை அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கூடப்பிறந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், காம்பவுண்ட் வீட்டிலும் அபார்ட்மென்ட்டிலும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

* கேமராவில் உங்கள் கதவும் அதற்கு முன் நாலடி இடமும் தெரிந்தால் போதும்.
* எதிர் வீட்டுக் கதவு, ஜன்னல், துணி காயப்போடும் இடம், பொதுக் குளியலறை, கழிவறைப் பக்கம் கண்டிப்பாகத் தெரியக் கூடாது.
* தவிர்க்க முடியாமல் எதிர் வீட்டு வாசல் தெரிந்தால், ஆப்பில் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடமே போனில் காட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.
* ஒலிப்பதிவை நிறுத்தி வையுங்கள். படிக்கட்டில் நின்று பேசுகிறவர்களின் பேச்சு உங்களுக்குத் தேவையில்லை.
* படிக்கட்டு, மெயின் கேட், பார்க்கிங் எல்லாம் பொது இடம். அங்கே கேமரா வைக்க ஓனர் அல்லது அசோசியேஷன் சம்மதம் வேண்டும்.

வாசலுக்கு வெளியே வைக்கவே முடியாதா? கவலை வேண்டாம். வீட்டுக்குள் கதவுக்கு நேராக ஒரு அலமாரியில் கேமராவை வைத்தால் போதும், உள்ளே நுழைகிற எவருடைய முகமும் பதிவாகிவிடும். வெளியே வைத்த கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போவது சுலபம். உள்ளே இருப்பதற்கு அந்தப் பயம் குறைவு.

வீட்டுக்குள் கேமரா: வீட்டில் இருப்பவர்கள் சம்மதம்

ஒரே ரூமில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் வழக்கம் தொழிற்பேட்டைப் பகுதிகளில் அதிகம். 'என் பைக் சாவியும் லேப்டாப்பும் காணாம போகுது' என்று ஒருவர் மட்டும் முடிவெடுத்து ரூமில் கேமரா வைக்க முடியாது. எல்லோருடைய சம்மதமும் வேண்டும். குடும்பத்திலும் இதேதான். மனைவிக்கோ, வயதான அம்மாவுக்கோ, வேலைக்கு வரும் அக்காவுக்கோ தெரியாமல் கேமரா வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, கண்காணிப்பு.

படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா கூடவே கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பெண்களை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் தனிக் குற்றம். முதல் முறையே குறைந்தது ஓராண்டு சிறை.

இது ஓனருக்கும் பொருந்தும். கேட்டிலும் படிக்கட்டிலும் ஓனர் கேமரா வைக்கலாம். நீங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் பகுதிக்குள் வைக்கக் கூடாது. புதிதாகக் குடிவரும்போது ஸ்மோக் அலாரம், சார்ஜர், கடிகாரம் மாதிரி முன்பிருந்தே மாட்டியிருக்கும் பொருட்களை ஒரு முறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் 112-க்கு அழைக்கலாம்.

எந்த கேமரா வாங்குவது?

கடையில் 'நாலு கேமரா, டிவிஆர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்' என்று சொல்வார்கள். அதற்கு வீடு முழுக்க கேபிள் ஓட வேண்டும், கேசிங் அடிக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு அது வேண்டாம். சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும் வைஃபை கேமரா ஒன்றே பெரும்பாலான இரண்டு ரூம் வீடுகளுக்குப் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

* மெமரி கார்டு போடும் வசதி: இது இருந்தால் மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. ஃபுல் எச்டி காட்சி விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நாளைக்கு சுமார் 11 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் 10 நாளுக்கு மேல் பதிவு இருக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி வைத்தால் இன்னும் பல நாள் வரும்.
* எந்த வைஃபை: விலை குறைந்த கேமராக்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். ரௌட்டரில் அது ஆன் ஆகியிருக்க வேண்டும்.
* அரசு சோதனை: சிசிடிவி கேமராக்கள் தரவுப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் தெரியாத, ரொம்ப மலிவான கேமராவை வாங்கும் முன் பெட்டியில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
* இரவுக் காட்சி: படிக்கட்டில் லைட் இல்லாத வீடுகளுக்கு இது அவசியம்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லையா? சிம் கார்டு போடும் 4ஜி கேமராக்கள் இருக்கின்றன. மேலே சொன்ன அதே அளவு காட்சியை ஒரு மணி நேரம் நேரலையில் பார்த்தால் சுமார் 450 எம்பி டேட்டா போகும். அதனால் கார்டில் பதிவு செய்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பார்ப்பது நல்லது.

கேமரா வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி கதவு சென்சார். இரண்டு சின்னத் துண்டுகள். ஒன்று கதவில், ஒன்று நிலையில். டபுள் டேப் வைத்து ஒட்டினால் போதும். கதவு திறந்தால் போனுக்கு மெசேஜ் வரும், சில மாடல்கள் வீட்டிலேயே சத்தமாக அலாரம் அடிக்கும். யாருடைய முகமும் பதிவாகாது, பக்கத்து வீட்டில் சண்டையும் வராது. பெண்கள் மட்டும் தங்கும் வீடுகளுக்கும் பல பேர் சேர்ந்து தங்கும் ரூம்களுக்கும் இதுவே பல நேரம் பொருத்தமான தேர்வு.

கரண்ட் கட், நெட் கட் ஆனால்?

வைஃபை கேமராவின் பலவீனம் இதுதான். கரண்ட் போனால் கேமராவும் போகும், ரௌட்டரும் போகும். மின்தடை நேரம் பார்த்து வருகிறவனுக்கு இது வசதி.

ரௌட்டருக்கென்றே தனியாகச் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அதை மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். யுஎஸ்பி கேபிளில் ஓடும் 5 வோல்ட் கேமரா என்றால், சார்ஜ் ஆகிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் பவர் பேங்க் போதும்.

ஆனால் எல்லா நேரமும் இது காப்பாற்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாமல் மக்கள் தவித்தது நினைவிருக்கும். 2025 அக்டோபர் 20-ம் தேதி அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது, வெளிநாடுகளில் பலருடைய அலெக்ஸா கருவிகளும் ரிங் கேமராக்களும் வேலை செய்யவில்லை. நெட் இல்லாவிட்டாலும் கார்டில் பதிவாகும் கேமரா, சாவியாலும் திறக்கும் பூட்டு, கையாலும் போடக்கூடிய லைட் என்று வாங்கச் சொல்வது இதனால்தான்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? 5 வாட் கேமரா 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 7 யூனிட். 10 வாட் ரௌட்டருக்கு சுமார் 14 யூனிட். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடாக இருந்தால் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

லைட், பிளக்: வயரிங்கைத் தொடாமல் ஆட்டோமேஷன்

'ஆட்டோமேஷன்' என்றதும் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். வாடகை வீட்டுக்கு இரண்டே பொருள் போதும்.

ஸ்மார்ட் பல்பு: நம் ஊர் ஹோல்டரில் மாட்டும் இரண்டு பின் உள்ள பி22 வகை பல்பு வாங்க வேண்டும். தினமும் மாலை 6.30-க்கு எரிந்து இரவு 11 மணிக்கு அணையும்படி ஆப்பில் நேரம் குறித்துவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனாலும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீட்டில் ஆள் இருப்பது போலத் தெரியும். ஒரே சிக்கல், சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பல்பு ஆப்புக்குக் கட்டுப்படாது. ஊருக்குப் போகும் முன் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் பிளக்: சுவர் பிளக் பாயின்ட்டில் இதைச் செருகி, இதில் கருவியைச் செருக வேண்டும். மொபைல் சார்ஜர், டேபிள் ஃபேன், கொசு விரட்டும் மெஷினுக்கு 6 ஆம்பியர் பிளக் போதும். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும், சுவர் பாயின்ட்டும் 16 ஆம்பியராக இருக்க வேண்டும். 'நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றப்ப வெந்நீர் ரெடியா இருக்கணும்' என்பவர்களுக்கு இது நல்ல வசதி. ஆன் ஆவதற்கு மட்டுமல்ல, அணைவதற்கும் சேர்த்து நேரம் குறித்து வையுங்கள்.

அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் காயில், மின் அடுப்பு ஆகியவற்றை ஆள் இல்லாத நேரத்தில் போனில் ஆன் செய்யவே கூடாது. தண்ணீர் மோட்டாரை பிளக்கில் மாட்டும் வேலையும் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் அதிகம், தவிர பல வீடுகளில் மோட்டார் எல்லோருக்கும் பொது.

ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச் பெட்டிகளைத் தவிர்த்துவிடலாம். அவற்றில் பலவற்றுக்கு போர்டுக்குள் நியூட்ரல் வயர் வேண்டும், பழைய வீடுகளில் அது இருக்காது. வயரிங்கில் ஏதாவது ஆனால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

கேஸ் அலாரம்: மறக்கக் கூடாத ஒன்று

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் திருடன் ஞாபகம்தான் வருகிறது. சின்ன சமையலறையில் சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டில் கேஸ் கசிவும் அதே அளவு ஆபத்து. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து சுமார் ஓரடி உயரத்தில், சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். புகை அலாரம் மட்டும்தான் கூரையில்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. ஸ்மார்ட் பல்பு, பிளக்குக்கும் இதே விதிதான். வெளியே இருந்துகொண்டு போனில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஆன் செய்தாலும் பொறி கிளம்ப வாய்ப்பிருக்கிறது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்து வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது சமையல் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்.

பாஸ்வேர்டு: இதுதான் நிஜமான சாவி

2016 அக்டோபரில் 'மிராய்' என்ற வைரஸ் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான் அதற்கு வழி விட்டது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் கசிந்து, யூடியூப், டெலிகிராம் வரை போன சம்பவம் நாட்டையே அதிர வைத்தது.

உங்கள் வீட்டு கேமரா அப்படி ஆகாமல் இருக்க:

* ஆப்பில் கணக்கைத் தொடங்குவது உங்கள் நம்பரில், உங்கள் போனில் இருக்க வேண்டும். மாட்டிக் கொடுக்க வரும் கடைப் பையனின் நம்பரில் தொடங்கக் கூடாது. 'நானே போட்டுத் தர்றேன்க்கா' என்றாலும் வேண்டாம்.
* பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். வைஃபைக்கும் கேமராவுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு.
* லாகின் செய்ய ஓடிபி கேட்கும் வசதியை ஆன் செய்யுங்கள்.
* குடும்பத்தாருக்குப் பார்க்கும் அனுமதியை ஆப்பின் 'ஷேர்' வசதி வழியாகக் கொடுங்கள். பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம்.
* ஓனரின் வைஃபையைப் பகிர்ந்து பயன்படுத்துகிறீர்களா? கேமராவை அதில் இணைக்காதீர்கள். 4ஜி கேமராவோ, தனி ரௌட்டரோ நல்லது.
* மாதம் ஒரு முறை ஆப், கேமரா இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்?

வீட்டுக்கு வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். எதையும் தொடாமல் முதலில் 112-க்கு அழையுங்கள். கேமராவில் ஆள் உள்ளே இருப்பது தெரிந்தாலும், நீங்களே பிடிக்கப் போவது வேண்டாம்.

கார்டில் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். அதனால் அந்த நேரத்துக் காட்சியை உடனே தனியாக இறக்கி வையுங்கள். வெட்டி ஒட்டாமல், பாட்டு சேர்க்காமல் அப்படியே வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். மெமரி கார்டை போலீஸ் கேட்டால், கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 'இவன்தான் திருடன்' என்று காட்சியை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். வீட்டு எண் தேடி வந்த கூரியர் பையனாகக்கூட இருக்கலாம்.

கேமரா காட்சிகள் யாரோ எடுத்துவிட்டார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

இதையெல்லாம் விட எளிமையான ஒன்றும் இருக்கிறது. சில நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது உங்கள் பகுதி காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். 'ஃபேமிலியோட ஊருக்குக் கிளம்பியாச்சு' என்று ஸ்டேட்டஸ் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது

பலர் மறந்துவிடும் கட்டம் இது. சாமான் ஏற்றும் அவசரத்தில் கேமராவை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

* ஆப்பிலிருந்து எல்லாக் கருவிகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். கேமராவை விற்பதாக இருந்தால் மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.
* ஒட்டிய டேப்பை இழுத்துப் பிய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டி மெதுவாக எடுங்கள்.
* பழைய பூட்டை மாட்டி, சாவிகளை எண்ணிக் கொடுங்கள். பழைய பல்புகளையும் மாட்டிவிடுங்கள்.
* குடிவந்த அன்று எடுத்த அதே இடங்களை மீண்டும் போட்டோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அட்வான்ஸ் கணக்கு பேசும்போது உதவும்.

சுருக்கமாக

* முதலில் பூட்டு. அடுத்து லைட், கதவு சென்சார், கேஸ் அலாரம். கடைசியில்தான் கேமரா.
* ஓனரிடம் எழுத்தில் சம்மதம், கூட இருப்பவர்களிடம் நேரில் சம்மதம், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை.
* கேமரா உங்கள் கதவை மட்டும் பார்க்கட்டும்.
* கழற்ற முடியாத எதையும் வாங்காதீர்கள்.
* ஆப், நம்பர், பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அவசர எண்கள்: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் உதவிக்கு 112. கேஸ் கசிவுக்கு 1906. சைபர் குற்றங்களுக்கு 1930. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அதற்கு வைஃபையும் வேண்டாம், ஓனர் அனுமதியும் வேண்டாம்.